மரியாதைக்காரரின் தலைக்கவசம்

பாத்திரம் தேய்ப்பது இன்று அவர் முறை. தேய்க்கட்டும் என்று விட்டால், கரண்டியைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் உண்டா? அவர்தான் மரியாதைக்காரர். வீடியோ கேமில் வருகிற வாள், கேடயம், கவசம் எல்லாம் வரைந்து கொடுப்பது தொழில்.

அடையாளம் காண்பது சுலபம். யாரோ ஒருவரின் கேமில் பார்த்த கோடரியை எடுத்து, நாலு பல்லை ஐந்தாக்கி, நீலத்தைப் பச்சையாக்கி, அடியில் ஒரு குஞ்சத்தையும் கட்டிவிட்டு, "இது திருட்டு இல்லப்பா, முன்னோடிக்கு நான் செலுத்துற மரியாதை" என்பார். கோடரி கோணலாக வந்துவிட்டதா? மரியாதை அந்த நிமிஷமே கேலியாகிவிடும். கேலிக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று லிஃப்டில் யாரோ சொன்னார்களாம். சரி, அவர் வரைந்ததை இன்னொருவர் தொட்டால்? அப்போதுதான் திருட்டு என்று ஒரு சொல் இருப்பதே அவருக்கு ஞாபகம் வரும்.

போன வாரம் தொட்டுவிட்டார்கள். நம்மவர் வரைந்த, துளை போட்டு இரு பக்கமும் கைப்பிடி வைத்த தலைக்கவசம், வேறொரு கம்பெனியின் கேமில், ஒரு பூதத்தின் தலையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. நம்மவர் கம்பெனியின் வக்கீல் இன்று காலை ஒரு தாள் அனுப்பினார்: 'இது முழுக்க என் சொந்தக் கற்பனை.' சாயங்காலத்துக்குள் கையெழுத்து வேண்டும். போட்டால் வழக்கு. போடாவிட்டால் கவசம் பூதத்துக்கே.

"இடது கைப்பிடியப் பாரு!" பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் ஈரக் கையோடு, பூதத்தின் படம் இருந்த போனை நீட்டினார். "செம்புக் கம்பியால மூணு சுத்து, ஓரத்துல ஒரு முடிச்சு. அதைக்கூட விட்டுவைக்கல! இந்த முடிச்சு உலகத்துல வேற யாருக்காவது தோணுமா?"

"எனக்குத் தோணுச்சே" என்றார் மனைவி. தொட்டிக்குள் கைவிட்டு, காய்கறி அலசும் வடிகட்டியை எடுத்தார். இடது கைப்பிடி. செம்புக் கம்பி, மூன்று சுற்று, ஓரத்தில் முடிச்சு. "பிடி கழண்டுபோச்சுன்னு ஆறு மாசம் உங்ககிட்டக் கத்தினேன். கடைசியில நான்தானே கட்டினேன்?"

"அது... உனக்கு நான் செலுத்தின மரியாதை."

"ஓஹோ. பூதத்துக்காரன் உங்களுக்குச் செலுத்தினது?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். பக்கத்து மேஜைக்காரர் சொன்ன யோசனையைப் போன மீட்டிங்கில் கணீரென்று எடுத்துவிட்டீர்களே, அவரும் அங்கேதானே உட்கார்ந்திருந்தார்? கைதட்டியபோது அவர் முகத்தைப் பார்த்தீர்களா?

"ஏம்மா, அப்ப கையெழுத்துப் போடவா, வேணாமா?"

மனைவி வடிகட்டியை இரண்டு உதறு உதறினார். மரியாதைக்காரர் தலைக்கு நேரே பிடித்து ஒருமுறை அளவு பார்த்தார். பிறகு அதைக் கக்கத்தில் பத்திரமாக இடுக்கிக்கொண்டு, சமையலறையை விட்டு வெளியே போனார்.