ஈரமுனிக்கு ஒரு அரிக்கன் லாம்பு

முரசுமோட்டை வயல்களில் நெல் அருவி வெட்டும் மெசின்கூட நின்றுவிட்டது. ஊர் முழுக்கப் பரமலிங்கத்தாரின் பாழ்கிணற்றடியில். அங்கே ஈரமுனி எழுந்தருளியிருக்கிறாராம்! சண்டைக் காலத்தில் மூடிய கிணறு. போன கிழமைதான் திறந்தார்கள். சுவரில் கசியும் ஈரம் முனியின் வேர்வை, அதுதான் இறங்கும் ஆளின் மூச்சைக் குடிக்கிறது என்று கண்டுபிடித்தவர் சங்கிலிச் சாமியார். பெரிய விஞ்ஞானி!

சாமியார் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் இறக்கினார். பாதியிலேயே அணைந்தது. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியளோ? என்ரை தாயத்தைக் கட்டினவனை முனி தொடாது. இறங்கு சுடலைமுத்து!"

தாயத்துக்குத் தட்சணை ஒரு மூட்டை நெல். கிணறு தூர்வார வந்த சுடலைமுத்து மறுத்துப் பேசத் தெரியாதவன். அவன் மனைவி வடிவம்மா அணைந்த லாம்பைக் கையில் எடுத்தாள். விளக்கு மூச்சுவிட முடியாத இடத்தில் தன் புருஷன் எப்படி விடுவான்?

"ஈரந்தான் மூச்ச குடிக்குதுன்னா, நாங்க தண்ணி அள்ளுற கிணறு இதவிட ஈரமாச்சே சாமி. அதுல எறக்கிப் பாப்போமா?"

பக்கத்துத் தோட்டக் கிணற்றில் சுவரெல்லாம் நீர் வழிந்தது. லாம்போ தண்ணீர்மட்டம் வரை சுகமாக எரிந்தது. ஈரம் காற்றில் கொஞ்ச இடம் பிடிக்கும், உண்மைதான்; விளக்கை அணைக்குமளவுக்கு அல்ல. பாழ்கிணற்றில் இருந்தது முனியல்ல, வெளியேற வழியில்லாமல் தேங்கிய கெட்ட காற்று.

"அந்தக் கிணத்திலை முனி இல்லைப் பிள்ளை," என்று சமாளித்தார் சாமியார்.

வடிவம்மா புருஷன் கையிலிருந்த தாயத்தை அவிழ்த்து லாம்பில் கட்டினாள். பாழ்கிணற்றில் இறக்கினாள். அதே பாதியில் அணைந்தது.

"விளக்குக்குப் பக்தி இல்லை!"

"பக்தியுள்ள நீங்க மொதல்ல எறங்குங்க சாமி."

"ஓம் சாமி, வாங்கோ. கயிறு நான் பிடிக்கிறன்," என்றார் பரமலிங்கத்தார்.

சாமியாருக்கு ஆனையிறவில் திடீரென அவசர வேலை வந்தது. நெல் மூட்டையையும் மறந்து மோட்டார் சைக்கிளில் பறந்தார்.

உரச்சாக்குகளைக் குழாய்போலத் தைத்து, நெல் தூற்றும் கறண்ட் காற்றாடியில் பொருத்திக் கிணற்றுக்குள் நல்ல காற்றை விட்டார்கள். லாம்பு அடிவரை எரிந்தது. காற்றாடி ஓட ஓடத்தான் சுடலைமுத்துவை இறங்கவிட்டாள் வடிவம்மா.

"அப்ப முனி எங்கை போயிட்டுது பிள்ளை?" என்று கேட்டார் பரமலிங்கத்தார்.

"மோட்டார் சைக்கிள்ல போச்சுங்க, பாக்கலியா?"

அடுத்த முனி வருமுன் ஊரும் கொஞ்சம் யோசித்துப் பழகட்டும். யோசிப்பதற்கு எவரும் நெல் மூட்டை கேட்பதில்லை.