நண்டில்லாத கூழும் ஐரோப்பிய சனநாயகமும்

கைதட்டலுக்கும் வாக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் உலகில் நிறைய உண்டு. அவர்களில் ஒருவன் ஐரோப்பா முழுவதற்கும் தலைவனாக இருந்தான். அது நான்தான். (பதற வேண்டாம். எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஐரோப்பாவுக்கு மட்டும்.)

எங்கள் ஊர்க்காரர் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ், நோர்வே என்று எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் அங்கே ஒரு சங்கம் தொடங்கிவிடுவார்கள். இந்தச் சங்கங்களுக்கெல்லாம் மேலே ஓர் ஒன்றியம். சங்கத் தலைவர்களில் ஒருவர்தான் அதற்குத் தலைவராகலாம். அதன் தலைவர் தெரிவு, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில் நடந்தது. கல்யாணம் ஒன்றுக்காக பாரிஸ் வந்திருந்த நாட்டுத் தலைவர்கள் கொத்துரொட்டிக்குக் காத்திருந்தார்கள். பாரிஸ் சங்கத் தலைவனாக இருந்த என் பெயரை சுவிஸ் தலைவர் முன்மொழிந்தார், நோர்வே தலைவர் வழிமொழிந்தார், மற்றவர்கள் கைதட்டினார்கள். ஏகமனதாம். ரொட்டி மேசைக்கு வருவதற்குள் நான் ஐரோப்பியத் தலைவர். உறுப்பினர்களுக்கு வட்ஸ்அப்பில் அறிவித்தோம். சிலர் கும்பிடுகிற கைப்படம் போட்டார்கள். அதை மக்கள் ஆணை என்று எடுத்துக்கொண்டேன்.

பதவி வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஐரோப்பா முழுவதும் ஒரே நாளில் கூழ் விழா, ஒரே செய்முறை என்று தீர்மானம் போட்டேன். சுவிஸ் தலைவருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. என்னை முன்மொழிந்த மனிதர் அல்லவா? ஆகவே ஐரோப்பா முழுவதற்கும் நண்டில்லாத கூழ். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற ஒடியற்கூழில் நண்டை எடுத்துவிட்டால் பிறகென்ன இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

பாரிஸ் விழா, ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலைமையுரைக்கு “ஐரோப்பாவில் சனநாயகம்” என்று தலைப்பு வைத்தேன். சென் தெனி பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கும் மகள் உரையை பிரெஞ்சில் எழுதித் தந்தாள். நான் தமிழாக்கினேன்.

“வடிவாக வாசித்துப் பார்த்தீர்களா, அப்பா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“மொழிபெயர்த்ததே நான்தானே!” என்றேன். (என்ன கொழுப்பு!)

மண்டபத்தில் சனம் முதல் கிண்ணக் கூழைக் குடித்து முகம் சுளித்திருந்த நேரம் பார்த்து, தோளில் சால்வையோடு ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

“எங்கையோ இருந்துகொண்டு, நாங்கள் தெரிவு செய்யாத ஆக்கள் எங்களுக்குச் சட்டம் போடுகினம்!”

பலத்த கைதட்டல். உற்சாகம் தலைக்கேறியது.

“உள்ளூரிலை முடிக்கக்கூடியதை உள்ளூரிலை விடவேணும்! தீர்மானம் எடுக்கிறவையைப் பிடிக்காட்டி வீட்டை அனுப்பச் சனத்துக்கு உரிமை இருக்கவேணும்! அதுவும் இரகசிய வாக்கெடுப்பிலை!”

மரியதாஸ் அண்ணை எழுந்தார். வருடா வருடம் எங்களுக்குக் கூழ் காய்ச்சுபவர். கையில் அகப்பை.

“தம்பி, நீர் பிரசெல்ஸைச் சொல்லுறீரோ, உம்மைச் சொல்லுறீரோ?”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

“நான் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சொன்னனான், அண்ணை.”

“நானும் அதைத்தான் கேக்கிறன். நண்டைத் தூக்க முந்தி எங்களிட்டைக் கேட்டனீரோ?”

“நாட்டுத் தலைவர்மார் ஏகமனதாய்...”

“அப்ப உம்மை ஆர் தெரிவு செய்தது?”

கொத்துரொட்டி என்று சொல்ல முடியுமா? முன்வரிசையில் இருந்த மகளைப் பரிதாபமாகப் பார்த்தேன். “கடைசிப் பக்கம், அப்பா. தீர்வு அங்கேதான் இருக்கிறது” என்றாள். மூழ்குகிறவன் போல அந்தப் பக்கத்தைப் பிடித்து உரத்து வாசித்தேன். “நம்பிக்கை போனால், பதவியிலை இருக்கிறவரே முன்வந்து சனத்திட்டைத் திரும்பப் போகவேணும்.”

“ஓம், வாரும்!” என்றது சனம்.

என் உரையையே துண்டு துண்டாகக் கிழித்து, பின்பக்கத்தை வாக்குச்சீட்டாக்கினார்கள். பாரிஸ் சங்கத் தலைமைக்கு நானும் மரியதாஸ் அண்ணையும் போட்டி. எனக்கு விழுந்தவை இரண்டு. ஒன்று நான் போட்டது. பாரிஸ் போனதும் அதோடு ஒட்டியிருந்த ஐரோப்பாவும் போயிற்று. சால்வையைக் கழற்றி மரியதாஸ் அண்ணையிடம் கொடுத்தேன். பகிடியாக எழுதினாலும், அன்று அவமானத்தில் வெந்துபோனேன்.

மற்ற நாட்டுத் தலைவர்கள் தொலைபேசியில் தனித்தனியே ஆறுதல் சொன்னார்கள். பிறகு, வாக்கெடுப்பு என்ற பேச்சையே எந்தக் கிளையிலும் எடுக்கக்கூடாது என்று தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். ஏகமனதாக.

நண்டு கூழுக்குத் திரும்பிவிட்டது. அந்த இரண்டாவது வாக்குத்தான் இன்னும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. சண்டை வந்தால் மனைவி, “உங்களுக்கு வோட்டுப் போட்ட ஒரே ஆள் நான், மறந்திடாதேங்கோ” என்பாள். ஏதாவது தேவையென்றால் மகளும் அதே வாக்கைத் தன்னுடையது என்பாள். போன விழாவில் மரியதாஸ் அண்ணை என் கிண்ணத்தில் பெரிய நண்டுக்கால் ஒன்றைப் போட்டுவிட்டுக் காதோடு சொன்னார்:

“பாவமாய்க் கிடந்தது தம்பி. அந்த ஒண்டு நான் போட்டது.”

மூன்று பேரையும் நம்புகிறேன். இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று கத்தியவனுக்கு வேறு வழி?