பொட்டு வைத்த நூற்றைந்து கற்கள்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள்: சுமித்ரா மேடம், பெங்களூரிலிருந்து வந்து கல் ஆராய்ச்சி செய்பவர். மஞ்சு, கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற கன்னடக்காரன். பாஷா பாய், ஜீப் டிரைவர். முனியப்பன், நாலாங்கிளாஸ் வரை படித்தவன், சம்மட்டி அடிக்கிறவன், அதாவது நான். அப்புறம் நூற்றைந்து கல். எல்லாவற்றுக்கும் மஞ்சள், குங்குமம்.

வைத்தது நான்தான்.

தொண்ணூறுகளில் நடந்தது. ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வாடகை ஷெட். மேடம் காட்டுகிற பாறையில் நான் கல் உடைப்பேன். அவர் அதன்மேல் மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போடுவார். எந்த நம்பர் எந்த ஊர் என்பது நோட்டில் இருக்கும்.

“முப்பது கிலோமீட்டர் ஆழத்துல வெந்து மேல வந்த கல்லு இது, முனியப்பா” என்பார்.

கல்லைப் பெங்களூருக்கு அனுப்பி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்ததும் மஞ்சு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான். அது போன் ஒயர் வழியாக ஒரு பொதுப் பட்டியலுக்குப் போகும். வெளிநாட்டுக்காரர்களும் அவர்கள் கல்லை அதில் போடுவார்கள். யார் கல்லை யாரும் பார்க்கலாம். பொங்கலுக்குள் நூறு கல் ஏற வேண்டும். இல்லாவிட்டால் மேடத்துக்கு வேலை இல்லை. (எனக்கும்தான்.)

ஆயுத பூஜைக்கு மேடம் ஊரில் இல்லை. சம்மட்டியைக் கழுவினேன். ஜீப்பைக் கழுவினேன். கற்களைப் பார்த்தேன். பிளாஸ்திரியெல்லாம் அழுக்கு. அவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது பொட்டில்லாமல் இருக்கலாமா? உரித்துப் போட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். (நம்பர்தான் நோட்டில் இருக்கிறதே என்று நினைத்தேன். நாலாங்கிளாஸ்.)

மறுநாள் மேடம் வந்தார். சாக்கின்மேல் உட்கார்ந்தார்.

“பிளாஸ்திரி எங்க?”

“குப்பையோட எரிச்சுட்டேங்க மேடம்.”

“குரு, ஸ்கிரீன் நடுவுலயும் பொட்டு வெச்சிருக்கே” என்றான் மஞ்சு. (அவனுக்கு எல்லாரும் குருதான்.)

“குங்குமம் போகட்டும், மேல்தோலைச் சீவிக்கலாம்” என்றார் மேடம். “எந்தக் கல்லு எந்த ஊருன்னு இனிமே எப்படித் தெரியும்?”

“உடைச்சவன் நானு. பார்த்தாச் சொல்லிடுவேன்.”

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. ஒண்ணு தப்பாப் போனாலும் அதை நம்பி எங்கெங்கயோ கணக்குப் போடுவாங்க.”

முதல் பத்து நிஜமாகவே தெரிந்தது. பதினொன்றாவது தெரியவில்லை. மேடம் முகத்தைப் பார்த்தேன். “பேரிகை” என்றேன். எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் வாய் நிற்கவில்லை. உத்தனப்பள்ளி என்றேன், ஏரிக்கரை என்றேன். நாற்பதைத் தாண்டியதும் கேட்காமலே மரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

மேடம் ஒரு கல்லை நீட்டினார்.

“கெலவரப்பள்ளி டேமுக்கு மேற்கால. வேப்பமரம். ரெண்டு ஆடு மேஞ்சிட்டிருந்துச்சு.”

பாஷா பாய் இருமினார்.

“குரு, அது நம்ம கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கல்லு” என்றான் மஞ்சு.

மேடம் பேனாவை மூடினார். “இதுவரைக்கும் சொன்னதுல எதெல்லாம் நிஜம்?”

யோசித்தேன். நிஜமும் நான் கட்டியதும் அதற்குள் ஒன்றாகக் கலந்துபோயிருந்தது. முதல் பத்துகூடத் தெரிந்துதான் சொன்னேனா என்று சந்தேகமாக இருந்தது.

“தெரியலீங்க மேடம்.”

அதை முன்பே சொல்லியிருக்கலாம். எழுதிய தாளை அவர் நாலாகக் கிழித்தார்.

பொங்கல் கழிந்து ஷெட்டைக் காலி செய்தார்கள். மேடம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “வரேன், முனியப்பா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது. நான் கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்துக்குப் போனேன்.

முட்டுக்கல்லை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் என் சம்சாரம் அதைக் காட்டுவாள். “எந்த ஊருக் கல்லுன்னு அவரைக் கேளுங்க. ரெண்டு ஆட்டோட சேர்த்துச் சொல்லுவாரு.” சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் மகள் அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்தாள். மேடம் பேர் இருந்தது. பூஜைக்கு முன்னாடியே பெங்களூருக்குப் போய்விட்ட கற்கள் மட்டும் இருந்தன. எண்ணச் சொன்னேன்.

ஏழு.