துரைக்கு மட்டும்

துரைக்கு நானே பயிற்சி கொடுத்து அவனை மனுஷனாக்கிக் காட்டுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். துரை எங்கள் வீட்டு நாய். பெயர் வைத்தது என் மனைவி. இந்த வீட்டில் மரியாதை முழுக்க அவனுக்குத்தான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாயின் ஒழுக்கத்தில் எனக்கு எந்த அக்கறையும் கிடையாது. முந்தின வாரம்தான் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கொழுப்பு எக்கச்சக்கம். சீஸ், வெண்ணெய், சாசேஜ் கூடாது. கோழியைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஒரு மாசம் கழித்து மறுபடி பார்ப்பார். இறங்கவில்லை என்றால் ஆயுசுக்கும் மாத்திரை. நான் லிப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றிவிட்டு, முதுகு ஒடிந்து வீட்டுக்கு வந்தால் தட்டில் வேகவைத்த காய். ஒரு வாரத்திலேயே வாழ்க்கை அலுத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் மோப்ப நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர். வேலி ஓரமாக அவரைப் பிடித்து, பழக்கும்போது நாய்க்கு என்ன தின்னக் கொடுக்கலாம் என்று கேட்டேன்.

“பிஸ்கட்டெல்லாம் ஆகாது. மென்னு முடிக்கிறதுக்குள்ள எதுக்குக் குடுத்தாங்கன்னே நாய்க்கு மறந்துடும். மெத்துனு இருக்கணும். பட்டாணி அளவு போதும். முக்கியமா, வாசனை தூக்கணும்.”

“சீஸ்?”

“கொஞ்சமா குடுக்கலாம். வேகவெச்ச கோழி இன்னும் நல்லது.”

“சாசேஜ்?”

“உப்பு ஜாஸ்தி. நாய்க்கு வேணாம்.”

“இல்ல, ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முப்பது வருஷம் மோப்பத் தொழிலில் இருந்தவர் அல்லவா.

அன்று மாலை அரைக் கிலோ சீஸும் ஒரு கிலோ கோழியுமாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

“யாருக்குங்க இதெல்லாம்?”

“துரைக்கு. ட்ரெயினிங். வர்றவங்க மேலெல்லாம் தாவுறான்னு நீதானே ஆறு மாசமா புலம்புற?”

“அதுக்கு ஒன்றரைக் கிலோவா?”

“மந்த புத்திம்மா. நிறைய தடவை சொல்லித் தரணும்.”

சண்டை வரும் என்று நினைத்து மூன்று பதில்களை வழியிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

“நல்ல காரியம்தான். ஆனா நீங்க வெட்டினா செங்கல் செங்கலா வெட்டுவீங்க. நானே வேகவெச்சு, பொடிசா நறுக்கி டப்பால போட்டு வைக்கிறேன். எடுத்துட்டுப் போங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் ஏமாந்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜில் டப்பா தயார். மூடியில் கொட்டை எழுத்தில், ‘துரைக்கு மட்டும்’.

வீட்டுக்குப் பின்னால் பயிற்சி தொடங்கியது. “துரை, உட்கார்!” துரை நின்றான். மனசு ஆறுவதற்கு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். “உட்காருடா!” நின்றான். இன்னும் இரண்டு. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, அவனுக்கும் ஒன்று கொடுத்தேன். வாயில் வாங்கினான், கீழே போட்டான், என் மூஞ்சியையே பார்த்தான். ருசி தெரியாத ஜென்மம்! உப்பு இல்லைதான். கொஞ்சம் கொழகொழப்பும் இருந்தது. ஆனால் கோழி வாசனை ஆளைத் தூக்கியது.

“சீஸைக் காணோமே?” என்று மட்டும் மனைவியிடம் மெதுவாக விசாரித்தேன்.

“கோழியோட சேர்த்துப் பிசைஞ்சுட்டேன். ஏன், துரை கேட்டானா?”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. வாராவாரம் கடைக்குப் போனேன். காலை ஒரு டப்பா, மாலை ஒரு டப்பா. அவளும் அக்கறையாக விசாரிப்பாள்.

“வயித்துக்கு ஒத்துக்குதா?”

“யாருக்கு?”

“துரைக்குத்தாங்க.”

“ஓ... நல்லா ஒத்துக்குது.”

மூன்றாவது வாரம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று தினமும் சத்தியம் செய்தேன். கைதான் கேட்கவில்லை.

டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

“எப்படிங்க இவ்வளவு இறங்குச்சு? எல்லாரும் உங்கள மாதிரி வாயைக் கட்டினா நான் கிளினிக்கைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். மாத்திரையே வேணாம்.”

எனக்கு நம்பவே முடியவில்லை. மூன்று வாரம் கோழியும் சீஸுமாகத் தின்று கொழுப்பைக் குறைத்த உடம்பு இது! களைப்பெல்லாம் பறந்துபோய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“கேட்டுக்கோ. அந்த டப்பாவைக் காலி பண்ணினது துரை இல்ல, நான். மூணு வாரமும் நான்தான். அப்படியும் கொழுப்பு இறங்கிடுச்சு. அந்த டாக்டருக்கும் ஒண்ணும் தெரியல, உனக்கும் தெரியல. இன்னியிலேருந்து என் தட்டுல வேகவெச்ச காய் வரக் கூடாது!”

அவள் அசரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“துரை, உட்கார்.”

உட்கார்ந்தான்.

“படு.”

படுத்தான்.

“எந்திரிச்சு அய்யாவுக்குக் கை குடு.”

கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்வது?

“இவன் எப்போ இதெல்லாம் கத்துக்கிட்டான்?”

“நீங்க வேலைக்குப் போனதும் தினம் சொல்லித் தருவேன். கோழியெல்லாம் அவனுக்கு. சீஸ்ல அவனுக்குத் துளி, மீதி பக்கத்து வீட்டுக்கு.”

“அப்போ... டப்பால இருந்தது?”

“பூசணிக்காயும் சோயாவும். கோழி வெந்த தண்ணில கொழுப்பை எடுத்துட்டு ஊறப் போடுவேன். தட்டுல வெச்சா மூஞ்சிய சுளிக்கிறீங்க. துரைக்குன்னு எழுதி வெச்சா வழிச்சுத் தின்னீங்க.”

நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

“துரைக்கு மூணே நாள்தாங்க ஆச்சு,” என்றாள் அவள். “உங்களைப் பழக்கத்தான் மூணு வாரம் இழுத்துடுச்சு.”