கோடியை மறைத்த தம்ளர்

சுருளிப்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

கேமராக் கலையில் தேர்ந்தவனும் என் உடன்பிறந்தாள் பெற்ற ஒரே பிள்ளையுமான மருமகன் திலீபனுக்கு, தாய்மாமன் தவசி ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. பால் சங்கத்தில் செயலாளராக இருந்த காலமெல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உன் அத்தை ராமுத்தாய் போன பிறகு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஆகவே இவ்விடம் மாடு நலம், திராட்சைப் பந்தல் நலம், கிணற்று மோட்டார் நலம். மற்றவை பின்வருமாறு.

நீ மேகமலையில் படப்பிடிப்பில் இருப்பதாகவும், அங்கே சிக்னல் இல்லை என்றும் உன் அம்மா சொன்னாள். சிக்னல் இருந்திருந்தாலும் நான் கடிதம்தான் போட்டிருப்பேன். போனில் பேசினால் நீ ஷாட், ஃப்ரேம் என்று விளக்க ஆரம்பித்துவிடுகிறாய். நான் திட்ட வந்ததை மறந்துவிட்டு ஊம் கொட்டிக்கொண்டு நிற்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உன் அத்தையின் சாவு வீட்டை வீடியோ எடுக்கச் சொன்னது யாருக்காக என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். மஸ்கட்டில் இருக்கும் என் மகள் மாரீஸ்வரிக்காக. அவளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம், விமானத்தில் ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வீடியோவிலாவது பார்க்கட்டும் என்றுதான் உன்னிடம் ஒப்படைத்தேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பதும் உனக்குத் தெரியும். நான் போன் செய்தால் மஸ்கட் மருமகன்தான் எடுக்கிறார். "அவ தூங்குறா மாமா" என்கிறார். எந்நேரம் கூப்பிட்டாலும் தூங்குகிறாள். பேரன் பிறந்த படம்கூட உன் அத்தையின் அண்ணன் முத்துராமலிங்கத்தின் போனுக்குத்தான் வந்தது. அவர் கொண்டுவந்து நீட்டினார். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் திரை அணைந்துவிட்டது. இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் கோபத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று, சாவு வீட்டில் நான் அழவில்லை என்று முத்துராமலிங்கம் போனில் சொல்லிவிட்டார். அது உண்மைதான். நாற்காலி வந்ததா, தண்ணீர் கேன் வந்ததா, குளிர்பெட்டிக்குக் கரண்ட் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அழ நேரம் ஏது. இரண்டாவது, தண்ணீர். தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துவந்த காலத்தில், உன் அத்தைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மீறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். அளந்து கொடுக்கும் வேலை என்னுடையது. பாலை அளந்த கைதானே, ஒரு சொட்டு கூடாமல் அளந்தேன். சின்ன எவர்சில்வர் தம்ளரில் பாதிக்குமேல் ஊற்றியதில்லை. சித்திரை வெயிலில் அவள் நாக்கு வறண்டு கேட்பாள், நான் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பந்தலுக்குப் போய்விடுவேன். அங்கே போய் என்ன செய்தேன் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. அவள் மகளிடம் போனில், "உங்கப்பாரு ஒரு மடக்குத் தண்ணி தரமாட்டேங்குறாரு ஆத்தா" என்று அழுதிருக்கிறாள். மகள் மனதில் அதுதான் நிற்கிறது. தாகத்தோடு சாகவிட்டவன், செத்த பிறகும் அழாதவன். இந்தக் கணக்கைத்தான் உன் வீடியோ நேர் செய்யவேண்டியிருந்தது. நீ என்ன செய்தாய்?

முப்பதாம் நாள் கும்பிட்ட அன்று, கறிச்சோறு போட்டு, வந்த சொந்தம் அத்தனையும் பார்க்கட்டும் என்று மைக்செட் பால்பாண்டியிடம் சொல்லிப் பெரிய எல்இடி திரை கட்டினேன். எல்லோரும் தத்தம் முகத்தைப் பார்க்கும் ஆசையில் கையைக் கழுவிவிட்டு முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். படம் தொடங்கியது. திரை முழுக்க இருட்டு. எங்கோ ஒரு மோட்டார் உறுமும் சத்தம் மட்டும். கரண்ட்தான் போய்விட்டது என்று நினைத்துப் பால்பாண்டி ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட, அது ஓடிக்கொண்டிருந்த கரண்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. மறுபடி எல்லாம் சரிசெய்து போட்டால் மறுபடியும் அதே இருட்டு. அப்புறம்தான் தெரிந்தது, அது உன் அத்தை கிடந்த உள்ளறை, அந்தச் சத்தம் குளிர்பெட்டியின் மோட்டார். சாவு வீட்டுக்கு அத்தனை ட்யூப்லைட் கட்டியிருந்தேனே, அதில் ஒன்றையாவது நீ காட்டியிருக்கலாம்.

அதன் பிறகு வந்தது என் முதுகு. வாசலில் என் முதுகு, குழாயடியில் என் முதுகு, பெட்டியோரம் என் முதுகு. என் முதுகைப் பார்க்கவா ஊரைக் கூப்பிட்டுக் கறி போட்டேன்? அடுத்து, ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு கம்பி வழியாக என்னை எடுத்திருக்கிறாய். பின்வரிசையில் ஒருவர், "தவசிய எப்பப்பா உள்ள வச்சாக?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்தார். அப்புறம் ஒரு சுவர். திரையின் கீழ்மூலையில் கொசுறு மாதிரி என் தலை, மிச்சமெல்லாம் வெறும் சுவர். அதில் ஒரு ஆணி, ஆணியில் உன் அத்தையின் ஆஸ்பத்திரிப் பை. போன பொங்கலுக்கு ஆசையாக மஞ்சள் அடித்த சுவர் அது. நீ ஏதோ செய்து சாம்பல் நிறமாக்கிவிட்டாய். எத்தனை நேரம்தான் ஒரு பையைப் பார்ப்பது? அதை இன்னும் நான் கழற்றவில்லை என்பது வேறு விஷயம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். விவகாரம் வெடித்தது கோடி வந்த இடத்தில். சுமங்கலியாகப் போன தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்து, உறுமி முழங்க, வேட்டுப் போட்டுக்கொண்டு, கம்பத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர் முத்துராமலிங்கம். தாம்பாளத்தை உயர்த்திப் பிடித்து, கேமரா எங்கே என்று பார்த்துப் பார்த்து நடந்துவந்தார். உன் வீடியோவில் அவர் ஒரு சிவப்புப் புகை. உறுமிக்காரர் பழுப்புப் புகை. தெளிவாகத் தெரிவது ஒன்றே ஒன்றுதான், குளிர்பெட்டியின் கண்ணாடி மூடிமேல் இருந்த எவர்சில்வர் தம்ளர்.

அந்தத் தம்ளரை அங்கே வைத்தது நான்தான். வேறு இடமில்லாமல் வைத்தேன். அது உன் அத்தையின் வாய்க்கு நேராக அமைந்தது தற்செயல். விளிம்புவரை தண்ணீர் இருந்ததும் தற்செயல். மோட்டார் அதிர்ந்தால் தண்ணீர் ஆடத்தான் செய்யும், ஆடினால் சிந்தத்தான் செய்யும். அதை எதற்கு அவ்வளவு பக்கத்தில் போய் எடுத்தாய்? சிந்திய அளவுக்கு ஒரு கை வந்து மறுபடி ஊற்றி நிரப்புகிறதே, அது என் கை என்று சட்டைப் பொத்தானைப் பார்த்தே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மகள் பார்க்கவேண்டிய தாயின் முகம், படம் முழுக்க அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் கண்ணாடி மூடியில் சிந்திய தண்ணீருக்கு அடியில் மங்கலாக வருகிறது.

முத்துராமலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்ள, அந்தத் தம்ளரு யாரு வீட்டுச் சீரு?"

"சீரு இல்ல மச்சான், சும்மா தம்ளரு."

"சும்மா தம்ளர யாராச்சும் இம்புட்டு நேரம் காட்டுவாகளா? ஒங்க அக்கா வீட்டுச் சீரா? ஒரு குடம் கிடம் வச்சு எங்கள மறச்சிருந்தாக்கூட மனசு ஆறும். ஒத்தத் தம்ளர வச்சு எங்க கோடிய மறச்சுப்புட்டீகளே."

உன் அம்மா கொடுத்த சீர் என்றும், அதைத் தூக்கிக் காட்டத்தான் அவள் பெற்ற பிள்ளையைக் கேமராவோடு நிறுத்தினேன் என்றும் அங்கனயே முடிவு கட்டிவிட்டார்கள். என் வீட்டு அலமாரியில் அதே மாதிரி வரிசையாக இருந்த தம்ளர்களைப் பால்பாண்டி எடுத்துவந்து காட்டினான். அதில் வம்பு பெருகியது. ஒரு செட்டே சீர் வந்திருக்கிறது, நமக்குச் சொல்லவில்லை என்றார்கள். சாப்பிட்ட வாயோடு அத்தனை பேரும் வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் நீ சிக்னல் கிடைக்கும் சின்னமனூருக்கு இறங்கி வந்தபோது போனில் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "அழுகுறவுகளக் காட்டுனா அழுகதான் மாமா தெரியும். நீங்க அழுகாம நின்னீக பாருங்க, நான் அதத்தான் எடுத்தேன். முகம் மறைக்கும், முதுகு மறைக்காது." இதையா சென்னையில் போய்ப் படித்தாய்? என் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது வியர்வையால். எனக்குத் துக்கம் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. கவிழ்த்து வைத்த தம்ளரை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் இப்போதெல்லாம் சொம்பில்தான் குடிக்கிறேன். ஆனால் அது என்னோடு இருக்கட்டும். மகளுக்குத் தேவை கண்ணீர். கண்ணீர் என்றால் கண்ணிலிருந்து வரவேண்டும், கண் முகத்தில் இருக்கிறது, முகம் கேமராவுக்கு முன்னால் இருக்கவேண்டும். பால் சங்கத்து ஆண்டுவிழாவை எடுத்தவருக்குக்கூட இது தெரிந்திருந்தது.

எனவே நாங்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மேற்படி சாவு வீட்டைத் திரும்ப எடுக்கவேண்டும். முத்துராமலிங்கம் சம்மதித்துவிட்டார். அதே நிறத்தில் கோடி, அதே உறுமி, இந்த முறை வேட்டு கூடுதல். கேமராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, அவரைப் பாதத்திலிருந்து தலைவரை எடுக்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை. தம்ளர் வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. குளிர்பெட்டி கேட்கப் போனேன். "யாரு தவறுனாக?" என்று கேட்டார் பெட்டிக்காரர். யாரும் தவறவில்லை, ஷூட்டிங் என்றேன். வெறும் பெட்டியைக் கொண்டுபோய் ஒரு வீட்டில் வைத்தால் அது ஆள் எடுக்காமல் திரும்பாது என்று மறுத்துவிட்டார். "பெட்டிக்கு ஆளுதான வேணும், நான் படுத்துக்கிறேண்ணே, மூடிய இறுக்கிறாதீக, மோட்டாரையும் போட்றாதீக" என்று பால்பாண்டி முன்வந்தான். அவனுக்கு மீசை இருக்கிறது. மாலையை ஏற்றிப் போட்டால் தெரியாது என்று நினைக்கிறேன். உன் யோசனையைச் சொல்.

என் பங்குக்கு அழுது பழகிவருகிறேன். மாட்டுத்தொழுவத்தில் உட்கார்ந்து உன் அத்தையின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், மாடு திரும்பிப் பார்த்தது, வேறொன்றும் வரவில்லை. வெங்காயம் உரித்துப் பார்த்தேன், மூக்கில்தான் வருகிறது. சினிமாவில் கண்ணில் ஏதோ விடுவார்களாமே, அதில் ஒரு குப்பி எடுத்துவா. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகள் பேசவேண்டும் திலீபா. பேரன் முகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக நான் பார்க்கவேண்டும். புது வீடியோ தயாராகும்வரை பழையதை எக்காரணம் கொண்டும் மாரீஸ்வரிக்கு அனுப்பிவிடாதே. அதைப் பார்த்தால் அவள் ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டாள்.

மலைக்குளிரில் காதை மூடிக்கொள். நீ எடுக்கும் படத்தில் கதாநாயகன் முகமாவது தெரியட்டும். சுருளி வேலப்பர் உன் கேமராவுக்கு வெளிச்சத்தையும் உனக்குப் புத்தியையும் தரட்டும். உன் அம்மாவையும் என்னையும் உனக்குக் கல்யாணம் ஆகும்வரை உயிரோடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
சு. தவசி,
செயலாளர் (ஓய்வு).

பி.கு.: கடிதத்தை மலைக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்துவிடலாம் என்று ஒட்டாமல் வைத்திருந்தேன். அதற்குள் பால்பாண்டி வந்தான். பழைய வீடியோவை முப்பதாம் நாளே அவன் மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டானாம், மருமகன் கேட்டாராம். அவனைத் திட்ட வாயெடுத்தபோது போன் அடித்தது. மாரீஸ்வரி. முதலில் குழந்தை சிணுங்குவதுதான் கேட்டது. பிறகு, "அப்பா, அந்தத் தம்ளரு அம்மாவுக்கா?" என்றாள். ஆமா ஆத்தா என்றேன். "நெறைய ஊத்துனீகளா?" என்றாள். நெறையத்தான் ஊத்துனேன் ஆத்தா, சிந்திச்சு, மறுபடி ஊத்துனேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம். வீடியோவில் எதையும் வெட்டாதே. முத்துராமலிங்கம் கேட்டால் கேமரா பழுது என்று சொல்லிவிடு. கண்ணில் விடும் குப்பியும் தேவைப்படாது. அப்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் நின்றிருந்தேன், என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் நின்ற பால்பாண்டி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், அந்தத் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.