ஒரு பிடி பச்சைக் கொட்டை

நோயாளி ஆகிவிடுவது என்று சேதுபதி முடிவு செய்துவிட்டார். சாதாரண நோயாளி அல்ல. மனைவி பார்த்த மாத்திரத்தில் பெட்டியைத் திரும்ப அலமாரி மேல் ஏற்றிவிட வேண்டும். அந்தத் தரத்து நோயாளி.

நாகவள்ளி நாளைக் காலை மதுரைக்குப் போகிறாள். லீவுக்கு அல்ல, ஒரேயடியாக. அங்கே காலேஜில் சேர்ந்த மகள் அகிலா ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் துரும்பாகிவிட்டாள். அம்மாவும் மகளும் வீடு எடுத்து இருப்பதாக ஏற்பாடு. சேதுபதி இங்கே வளைகுடாவில், முவைலா பகுதி ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு, ஒரே அறையில் பல பேர் ஆளுக்கொரு கட்டில் வாடகைக்கு எடுக்கும் பெட்ஸ்பேஸுக்குப் போக வேண்டும். ஐம்பது வயதில் மறுபடியும் பேச்சிலர்! அந்த இரண்டடுக்குக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "போகாதே" என்று சொல்லவும் வாய் வரவில்லை. பெற்ற பெண்ணைப் பட்டினி போட்டவன் என்று பேர் வாங்கவா?

ஆயுதம் சமையலறை டப்பாவில் இருந்தது. ஊரே போகிறதே என்று இவர்களும் போன மாதம் அஜர்பைஜான் டூர் போயிருந்தார்கள். அங்கே காட்டில் பீச் என்கிற மரங்களுக்கு (பழம் தரும் பீச் அல்ல, இது வேறு) அடியில் முக்கோணக் கொட்டைகள் கொட்டிக் கிடந்தன. சும்மா கிடைப்பதை விடுவாரா? பை நிறையப் பொறுக்கினார். வறுத்துத்தான் தின்ன வேண்டும், பச்சையாக அள்ளித் தின்றால் வயிறு புரட்டித் தலை சுற்றும் என்று கைடு எச்சரித்தான்.

பக்கத்து ஃப்ளாட் முகம்மது ரிபாய் குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறவர். அவரிடமும் விசாரித்தார்.

"பாய், இது குதிரைக்கு ஆகுமா?"

"யா அல்லா! வச்சிராதீங்கண்ணே. நிறையத் தின்னா குதிரை நடுங்கி விழுந்துரும்னு லாயத்து டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காரு."

"மனுஷன் தின்னா?"

"ஒரு பிடிக்குச் சாகமாட்டான். ரெண்டு நாளு கெடந்து எந்திரிப்பான். யாருக்குண்ணே?"

"சும்மா, பொது அறிவுக்கு."

இரண்டு நாள் போதும். விமானம் போய்விடும். போன வாரம் நாகவள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தபோது இவர் டியூட்டிக்கு மட்டம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவில்லையா? அதே பாசம் தனக்கும் கிடைக்காமலா போகும்?

முன்னெச்சரிக்கையாக பால்கனிப் புறாக்களுக்கு நாலைந்து உடைத்துப் போட்டார். அவை தின்றுவிட்டு இன்னும் கேட்டன. புறா வயிறு வேறு, மனுஷ வயிறு வேறு என்று தேற்றிக்கொண்டு தானும் ஒரு பிடி உரித்துத் தின்றார். நல்ல ருசி. அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காத்திருந்தார். வயிறு ஒரு குறையும் இல்லாமல் கல்லுப்போல் இருந்தது. தலை சுற்றுவேனா என்றது. வேறு வழியில்லாமல் ஹாலில், திறந்து கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டார்.

"வள்ளி... முடியலடி..."

நாகவள்ளி புடவை மடிப்பதை நிறுத்தவில்லை.

"என்ன செய்யுது?"

"தலை கிர்ருங்குது. அந்தக் கொட்டையத் தெரியாமப் பச்சையா தின்னுட்டேன்."

"வாந்தி?"

"வந்துக்கிட்டே இருக்கு."

"எங்க காணோம்?"

"உள்ளுக்குள்ளயே."

"எந்திரிங்க. அதையெல்லாம் போன வாரமே தோலோட வறுத்து அதே டப்பாவுல போட்டுட்டேன்."

சேதுபதி உருள்வதை நிறுத்தினார். கண்ணில் நீர் முட்டியது. அதில் மட்டும் நடிப்பில்லை.

"எதுக்கு வறுத்த?"

"நீங்க இப்படி ஏதாவது செய்வீங்கன்னுதான். பச்சையா தின்னா என்ன பாடு படுத்தும்னு எனக்குத் தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் கையிலிருந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன வாரம் நான் எதைத் தின்னுட்டுப் படுத்தேன்னு நெனச்சீங்க? 'நீ போக வேணாம் வள்ளி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க மாத்திரையும் கஞ்சியுமா குடுத்து, 'கவலைப்படாத, உன் பயணம் தள்ளிப்போகாது'ன்னுல்ல எந்திரிக்க வச்சீங்க."

சேதுபதி எழுந்து உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்றேன். போகாத."

"அகிலா நேத்தே ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டா. நான் வருவேன்னு உக்காந்திருக்கா."

புடவையை உள்ளே வைத்து மூடியைச் சாய்த்தாள். ஜிப் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே? அப்ப மேல ஏறி உக்காருங்க, மூடமாட்டேங்குது."

சேதுபதி ஏறி உட்கார்ந்தார். பெட்டி மூடிக்கொண்டது.