காணாமல் போன ஆறு திலாப்பியா

குனோங் ராபாட்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் பிலாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தஞ்சோங் மாலிமில் நீயும் ரஸ்னாவும் சுகத்தோடிருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. இங்கே உன் அக்கா சக்கீனா நலம். நான் நலமா என்பது இந்தக் கடிதத்தை எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும்.

வீடு மாறும் வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி வாளியில் ஒரு மீனைக் கொண்டுவந்து விட்டாயே, தாப்பா மீன், நம் ஆட்கள் வாளை என்பார்களே, அதுதான். "சாது மீன் மச்சான், மூலையில கெடக்கும்லா" என்றாய். நானும் நம்பி, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சிமெந்துத் தொட்டியில் என் பதினைந்து திலாப்பியா மீன்களோடு விட்டேன். முதல் வாரம் பதிமூன்று ஆயின. மறுவாரம் பதினொன்று. முப்பது வருஷம் சாப்பாட்டுக்கடை நடத்தியவனுக்கு எண்ணத் தெரியாதா? கண்ணில்தான் கோளாறு என்று கிளினிக்குக்குப் போனேன், டாக்டர் கண் நன்றாயிருக்கிறது என்றார், அதனால் சந்தேகம் பக்கத்து வீட்டுத் தர்மாவின் பூனைமேல் போயிற்று, கேட்டும்விட்டேன். "எம் பூனைக்குப் பல்லே இல்லண்ணே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இருபது வருஷமாகக் காலையில் கடையில் என்னோடு தே தாரிக் டீ குடித்த மனுஷன், மறுநாளிலிருந்து வேறு கடைக்குப் போய்விட்டார். எங்கள் மேசையில் நான் தனியாக உட்கார்ந்தேன்.

பூனை வராமலிருக்கத் தொட்டிக்கு மேலே வலை போட்டேன். அப்படியும் ஒன்பது ஆயின. நேற்றுத் தண்ணீரை இறைத்தேன். சத்தம் கேட்டு தர்மாவும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். கொஞ்சத் தண்ணீரில் உன் சாது வாயைத் திறந்தது. காது வரைக்கும் வாய், மச்சான். மீனுக்குக் காது எங்கே என்று என்னைக் கேட்காதே. ஒரு திலாப்பியா உள்ளே போனது, வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே ஆடியது, பிறகு அதையும் காணோம்.

"இதான் அண்ணே அந்தப் பூனை" என்றார் தர்மா.

வேலிக்கு மேலே கையை நீட்டி அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். இன்று காலை பழைய மேசையில் பழையபடி உட்கார்ந்தோம். கடையில் இருந்த எல்லோரிடமும் உன் மீனின் லட்சணத்தைச் சொல்லியாயிற்று. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இந்தக் கொள்ளைக்காரனைத் தூக்கிக்கொண்டு போ.

பிள்ளைகளுக்கு என் துஆ. ரஸ்னாவுக்கு சலாம்.

உன் மச்சான்,
ரஹீம்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த ஆறையும் நாந்தான் புடிச்சேன். மூணு வெள்ளிக்கெழமையா என்னா மீனு ஆக்கிப் போட்டேன்னு நெனச்சீங்க? அது பாவம், நான் போடுற கோழி ஈரலத் தின்னுட்டுச் சும்மா கெடந்துச்சு. நேத்து போட மறந்துட்டேன்" என்கிறாள். இனி நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? மீனைத் தூக்க வராதே. சும்மா வா. வரும்போது ஆறு திலாப்பியா வாங்கி வா. தொட்டியில் விடுவதா சட்டியில் விடுவதா என்பதை உன் அக்காவிடம் நீயே கேட்டுக்கொள்.